கம்பைலர் ஃபிளாக் மக்கர் பண்ணினால்: போனில் தம்பிக்குச் சொன்னது

போன வாரம் தென்காசியிலிருந்து சித்தப்பா மகன் கூப்பிட்டான். "அண்ணே, மேக் போட்டா எரரா கொட்டுது." சி மொழியில் எழுதிய ஒரு ஆப்பின் சோர்ஸை (மூல நிரலை) அவனே கம்பைல் செய்துகொண்டிருந்தான். சோர்ஸை ஓடும் ஆப்பாக மாற்றுவது கம்பைலர், அந்த வேலையை வரிசையாக நடத்துவது மேக். பாளையங்கோட்டையில் இருந்தபடி போனில் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஃபிளாக் (கம்பைலருக்குச் சேர்த்துக் கொடுக்கும் குறிப்பு) பெயர்கள் உட்பட.

"முதல் எரர் எங்கலே?" என்றேன். கடைசி வரியைப் படித்தான். அது பிரயோஜனமில்லை. மேக்குக்கு 'மைனஸ் ஜே8' கொடுத்திருந்தால் ஒரே நேரத்தில் ஓடும் எட்டு வேலையின் வரிகளும் கலந்து வரும். ஜே இல்லாமல் மறுபடி ஓட்டி, எரர் என்று வரும் முதல் வரியைப் பிடியுங்கள். கம்பைலருக்குப் போகும் முழுக் கட்டளையும் தெரியவேண்டுமென்றால் மேக்கோடு வி=1 சேருங்கள் (வி பெரிய எழுத்து). சிமேக் (மேக்குக்கான கோப்புகளைத் தயாரிக்கும் கருவி) என்றால் வெர்போஸ்=1.

அவனுக்கு வந்த வரியின் முடிவில், சதுர அடைப்புக்குள் 'மைனஸ் டபிள்யூ எரர்' இருந்தது. ஏதோ ஒரு வேரியபிளை அறிவித்துவிட்டுப் பயன்படுத்தவில்லை, அவ்வளவுதான். வெறும் எச்சரிக்கை, இந்த ஃபிளாக் அதை எரராக்கி வேலையை நிறுத்திவிடுகிறது. எழுதியவருக்கு அது நல்லது, நமக்குத் தலைவலி.

கான்ஃபிகர் (மேக்குக்கு முன் ஓட்டும் ஸ்கிரிப்ட்) ஓட்டும்போது சிஃபிளாக்ஸில் (சி கம்பைலருக்கான ஃபிளாக்குகள்) 'மைனஸ் டபிள்யூநோ மைனஸ் எரர்' கொடுங்கள். டபிள்யூ, நோ இரண்டும் ஒட்டி வரும். கூடவே 'மைனஸ் ஜி' (பிழை தேட உதவும் தகவல்), 'மைனஸ் ஓ2' (ஆப்பை வேகமாக்குவது) இரண்டையும் நீங்களே எழுதவேண்டும். சிஃபிளாக்ஸை நாம் கொடுத்தால் கான்ஃபிகர் தன் வழக்கமான ஓ2-வை விட்டுவிடும், ஆப் ஆமையாக நகரும்.

தம்பி கொடுத்ததும் கான்ஃபிகர், "சி கம்பைலரால் எக்சிகியூட்டபிள் உருவாக்க முடியவில்லை" என்று நின்றுவிட்டது. கம்பைலரே போச்சு என்று பதறிவிட்டான். கான்ஃபிகர் எழுதிவைக்கும் கான்ஃபிக் லாகைத் திறக்கச் சொன்னேன். ஓ2-வில் ஓ எழுத்துக்குப் பதில் பூஜ்யத்தைத் தட்டியிருக்கிறான்!

இன்னொன்று: 2025 ஏப்ரலில் வந்த ஜிசிசி 15 கம்பைலர், எதுவும் சொல்லாவிட்டால் சோர்ஸை சி மொழியின் புதிய விதியான சி23 படி படிக்கும். அதில் 'பூல்' (உண்மை, பொய் என்ற மதிப்பு வகை) மொழியின் சொந்தச் சொல். பழைய சோர்ஸ் அதைத் தானே வரையறுத்திருந்தால் தகராறுதான். 'மைனஸ் எஸ்டிடி=ஜிஎன்யு17' கொடுத்தால் சரியாகும்.

ஃபிளாக்கை மாற்றினால், முன்பு கம்பைல் ஆன கோப்புகளை அழிக்க மேக் கிளீன் போடுங்கள். சிமேக்கில் பில்ட் ஃபோல்டரையே அழித்துவிடுங்கள். சிஃபிளாக்ஸை அது முதல் தடவை மட்டும்தான் கேட்கும்.

'மைனஸ் மார்ச்=நேட்டிவ்' மட்டும் யோசித்துப் போடுங்கள். கம்பைல் செய்யும் கம்ப்யூட்டரின் பிராசசருக்கு ஏற்றபடி ஆப்பை உருவாக்கும் ஃபிளாக் அது. போன வருஷம் அதைப் போட்டு என் புது கம்ப்யூட்டரில் கம்பைல் செய்து, பென்டிரைவில் தம்பிக்குக் கொடுத்தேன். அவனுடைய பழைய லேப்டாப்பில் திறந்த உடனே 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்'. அந்தப் பிராசசருக்குத் தெரியாத கட்டளை. அதனால்தான் இந்தத் தடவை அவனையே கம்பைல் பண்ணச் சொன்னேன்.