சரக்கொன்றையையும் ஃபியுனேரியா மாஸையும் ஒப்பிடும் முறை

பூக்கும் மரம் ஒன்றையும் பூக்காத சிறு தாவரமான மாஸ் ஒன்றையும் ஒப்பிடச் சொன்னால், இலைக்கு எதிரே இலை, வேருக்கு எதிரே வேரிகள் (வேர் போன்ற இழைகள்) என்று அட்டவணையை நிரப்பிவிடுவது வழக்கம். இது தொடக்கத்திலேயே பிழையாகிவிடும். சரக்கொன்றை மரம் இருமடியமான ஸ்போரோஃபைட், அதாவது செல்லில் இரு தொகுதிக் குரோமோசோம்கள் கொண்ட, ஸ்போர் என்னும் நுண்ணிய இனப்பெருக்கச் செல்களை உண்டாக்கும் தலைமுறை. ஃபியுனேரியா ஹைக்ரோமெட்ரிகாவில் நம் கண்ணில் படும் பச்சைத் தாவரமோ ஒருமடியமான கேமீட்டோஃபைட், அதாவது ஒரே தொகுதி கொண்ட, கேமீட் என்னும் பாலினச் செல்களை உண்டாக்கும் தலைமுறை. ஆகவே எந்தத் தலைமுறையை எதனோடு வைக்கிறோம் என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும்.

ஃபியுனேரியா, தீப்பட்டு ஆறிய ஈரமண்ணில் அடர்ந்து வளரும். அதில் ஒரு சிறு கொத்தை எடுத்துக் கைலென்ஸின் கீழ் வைத்தால், இலைகளுக்கு மேலே எழும் சீட்டா என்ற மெல்லிய காம்பும், அதன் நுனியில் பேரிக்காய் வடிவில் சாய்ந்து தொங்கும் காப்சூலும் தெரியும். கொன்றை மரம் முழுவதற்கும் இணையாக வைக்க வேண்டியது மாஸின் ஸ்போரோஃபைட்டான இந்தச் சிறு பகுதியைத்தான். காப்சூலை மூடியிருக்கும் கலிப்ட்ரா என்ற தொப்பியை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அது முட்டையைத் தாங்கும் உறுப்பான ஆர்க்கிகோனியத்திலிருந்து வந்த கேமீட்டோஃபைட் திசு. காப்சூலின் அடிப்பகுதியில் இலைத்துளைகளைத் தேடிப் பாருங்கள். கொன்றையில் ஒவ்வொரு துளையையும் இரண்டு காப்புச் செல்கள் சூழ்ந்திருக்க, ஃபியுனேரியாவில் செல் பிரிதல் முழுமையடையாததால் ஒரே செல் வளையம்போல் நிற்பதைக் காணலாம். ஒப்பீட்டில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

பச்சை மாஸுக்கு உரிய இணை, கொன்றைப் பூவின் மகரந்தத்தூளிலும், சூலுக்குள் சில செல்களே கொண்ட கருப்பை (embryo sac) என்ற பகுதியிலும் ஒளிந்திருக்கிறது.

இலைகளையும் ஒப்பிடலாம், ஆனால் அது வேலை ஒத்திருப்பதால் மட்டுமே என்று குறிப்பில் எழுதிவிட வேண்டும். மாஸ் இலை நடுநரம்பு தவிர ஒரே செல் அடுக்காலானது என்பதால் அதை வெட்டாமல் ஒரு துளி நீரில் வைத்தே நுண்ணோக்கியில் பார்க்கலாம். கொன்றையின் சிற்றிலையைக் குறுக்காக மெல்லிதாகச் சீவி சாஃப்ரனின் சாயமிட்டால், செல்சுவரைக் கடினமாக்கும் லிக்னின் படிந்த, நீர் கடத்தும் சைலம் சிவப்பாகத் துலங்கும். லிக்னின் இல்லாத ஃபியுனேரியாவின் தண்டு சில சென்டிமீட்டருக்கு மேல் உயர்வதில்லை. இனப்பெருக்கத்தில் ஒரு வரி போதும்: மாஸின் ஆண் கேமீட் நீரில் நீந்தியே முட்டையை அடைகிறது, கொன்றையில் மகரந்தக் குழாய் ஆண் கேமீட்டைச் சுமந்து செல்கிறது.

பரவும் விதத்தைச் சோதித்தே பார்க்கலாம். காய்ந்த சீட்டாவின் மேல் மெதுவாக மூச்சை ஊதினால் அது முறுக்கவிழ்ந்து திரும்பும். காப்சூலின் வாயில் வளையத்துக்கு 16 வீதம் இரண்டு வளையங்களாக உள்ள பற்களில் வெளிவளையப் பற்கள் காற்றின் ஈரத்துக்கேற்ப அசைந்து ஸ்போர்களை வெளியே விடுகின்றன. கொன்றையின் உருளைக் காய் முற்றினாலும் தானாக வெடிக்காது. அதை உடைத்தால், குறுக்குத் தடுப்புகளுக்கு இடையே கரிய சதையோடு ஒட்டிய விதைகளைக் காணலாம்.