நீர்க்கடுப்பும் நெருஞ்சில் கஷாயமும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வெயில் ஏறிவிட்டால், நாட்டு மருந்துக் கடை வாசலில் நெருஞ்சில் முள்ளும் சிறுபீளையும் சாக்கோடு வந்துவிடும். தண்ணீர் குறைந்து சிறுநீர் மஞ்சளாக எரியும் நாட்களில் அவற்றின் கஷாயம் ஆறுதல் தருவதை நான் மறுக்கவில்லை. ஆனால் எரிச்சல் என்று வந்த எல்லோருக்கும் ஒரே பொட்டலத்தைக் கட்டிக் கொடுப்பதுதான் முதல் தவறு.

நாம் நீர்க்கடுப்பு என்று ஒரே சொல்லில் அடக்குவதை மலையாளத்தில் பிரித்துச் சொல்கிறார்கள். மூத்ரக்கல்லு என்றால் கல். மூத்ரப்பழுப்பு என்றால் கிருமித் தொற்று. அங்கே பழுப்பு என்பது சீழ். அதை நிறம் என்று எண்ணிக்கொண்டு, உடற்சூடுதான் காரணம் என்று பார்லித் தண்ணீரிலேயே நாள் கடத்துபவர்கள் உண்டு. பார்லி கிருமியைக் கொல்லாது. காய்ச்சல், குளிர் நடுக்கம், விலாவின் பின்புறத்தில் வலி ஆகியவை சேர்ந்தால் தொற்று சிறுநீரகத்துக்கு ஏறியிருக்கக்கூடும் என்பதால், அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். கர்ப்பிணிகள் காய்ச்சல் வரும்வரைகூடக் காத்திருக்கக் கூடாது.

கல் விஷயத்தில் தவறு வேறு விதமானது. 5 மில்லிமீட்டருக்கு உட்பட்ட கல் பெரும்பாலும் தானாகவே இறங்கிவிடும். அதைக் கஷாயம் கரைத்ததாகக் கணக்கு வைத்துக்கொண்டு, அடுத்து வரும் பெரிய கல்லுக்கும் அதையே நம்பி இருந்துவிடுகிறார்கள். வலி நின்றுவிட்டதாலேயே கல் போய்விட்டது என்று ஆகாது. வலியே இல்லாமல் குழாயை அடைத்துக்கொண்டு கிடக்கும் கல் சிறுநீரகத்தையே கெடுத்துவிடும். ஸ்கேன் எடுத்துப் பார்க்காமல் மனம் சமாதானம் அடையக் கூடாது.

வயதான ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள ப்ராஸ்டேட் சுரப்பி வீங்கி நீர் சொட்டுச் சொட்டாக இறங்கும்போது, நீரைப் பெருக்கும் மூலிகையைக் கொடுப்பது அடைத்த மடைக்கு மேலும் தண்ணீர் விடுவதாகும்.

வாழைத்தண்டுச் சாறும் மூக்கிரட்டையும் (பாலக்காட்டில் தழுதாமை) பொட்டாசியம் மிகுந்தவை. சிறுநீரகம் தளர்ந்தவர்களும், பொட்டாசியத்தை உடலில் தேக்கும் இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இவற்றைத் தொடக் கூடாது. கொழுப்பு குறையும் என்று இரும்பன்புளி (பிலிம்பி) சாற்றைக் குடித்து, அதிலுள்ள ஆக்சலேட் என்ற உப்பால் சிறுநீரகம் செயலிழந்தவர்களைக் கேரள மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்கவும் மறக்கக் கூடாது. சிறுநெருஞ்சில் காய் ஐந்து முள் துண்டுகளாக உடையும். யானை நெருஞ்சில் காய் பெரியது, நாற்கோணமாக இருக்கும், மூலைக்கொரு முள் நிற்கும். வைத்தியர் எழுதியது எது, கடைக்காரர் கட்டியது எது என்பதை அடுப்பை மூட்டுவதற்கு முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.