எலிக்கு எந்த நாள், எந்தப் பொழுது?

சூலக ஹார்மோன்கள் மூளையின் நியூரோபெப்டைடுகளை (நரம்புச் செல்கள் சேதி சொல்லும் சிறு புரதத் துண்டுகளை) எப்படிக் கூட்டிக் குறைக்கின்றன என்று எலிகளில் பார்க்க மதுரைப் பக்கத்துக் கல்லூரிகளிலிருந்து வருடாவருடம் பிள்ளைகள் வருகிறார்கள். லேபிள் ஒட்டு, கையுறை போடு என்பதை யாரும் சொல்லித் தருவார்கள். மற்றபடி பிள்ளைகள் செய்யும் தவறுகளைச் சொல்கிறேன்.

ஸ்மியர் (யோனிச் செல் பூச்சு) பார்க்காமல் ‘பெண் எலி’ என்று எழுதுவது

உசிலம்பட்டிப் பெண் ஒருத்தி, நல்ல கைகாரி. கிஸ்பெப்டின் என்ற நியூரோபெப்டைடின் அளவுகளைக் கொண்டுவந்தாள். ஒரு எலிக்கும் இன்னொன்றுக்கும் ஒட்டவே இல்லை. “எந்த நாள்ல எடுத்தம்மா?” என்றேன். “சனிக்கிழமை, மேடம்.”

நான் கேட்டது எலியின் நாளை. அதன் இனப்பெருக்கச் சுழற்சி நாலைந்து நாள். புரோஈஸ்ட்ரஸ் (முட்டை வெளிவருவதற்கு முந்தைய கட்டம்) அன்று ஈஸ்ட்ராடயால் என்ற ஈஸ்ட்ரோஜன் உச்சிக்கு ஏறும். அன்று சாயங்காலம் முட்டையை வெளிவிடச் செய்யும் எல்எச் ஹார்மோன் பொங்கும். எல்எச்சைக் கிளப்பிவிடும் ஜிஎன்ஆர்எச் நியூரானில் ஈஸ்ட்ரோஜனின் சேதியை வாங்கும் ஆல்ஃபா ஏற்பி கிடையாது. சேதியை வாங்கிக் கடத்துவது கிஸ்பெப்டின் நியூரான்தான். ஆகவே காலையில் எடுத்த மூளையும் மாலையில் எடுத்ததும் ஒன்றல்ல.

தினமும் காலையில் ஒரே நேரத்தில் எலியின் யோனியில் ஒரு சொட்டு உப்புநீர், ஒரு ஸ்லைடு, அவ்வளவுதான் வேலை. உட்கரு தெளிந்த உருண்டைச் செல்கள் என்றால் புரோஈஸ்ட்ரஸ். உட்கரு இல்லாத செதில்கள் என்றால் ஈஸ்ட்ரஸ். வெள்ளணுக்கள் மண்டிக் கிடந்தால் டைஈஸ்ட்ரஸ். இரண்டு சுழற்சியாவது பார்த்துவிட்டு அப்புறம் எலியைத் தொடுங்கள்.

“பெண் எலின்னா அப்படித்தான், ஆண் எலிய எடு” என்று அவளுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அந்த ஏற்ற இறக்கம்தானே ஆய்வே! மறுபடி செய்ய மறுபடி எலிகள் வேண்டும், நெறிமுறைக் குழுவுக்கு மறுபடி விண்ணப்பம். வீணாய்ச் செத்தவற்றுக்கு யார் பதில் சொல்வது?

ஹைபோதலாமஸை முழுசாக அரைப்பது

ஹைபோதலாமஸ் மூளையின் அடிப்பகுதி. ஈஸ்ட்ராடயால் அதன் ஆர்க்குவேட் என்ற பகுதியில் கிஸ்பெப்டினைத் தணிக்கும். ஏவிபிவி என்ற முன்பகுதியில் கூட்டும். சேர்த்து அரைத்தால் ‘மாற்றமில்லை’ என்று வரும். தனித்தனியே வெட்டுங்கள்.

எலி அறை விளக்கை ஏற்றி அணைக்கும் முள் டைமரை நம்புவது

கரண்ட் போன நேரம் முழுக்க அது நின்றுவிடும். அவ்வளவு நேரம் விளக்கு தள்ளிப்போக, எல்எச் பொங்கும் பொழுதும் நகரும். தினமும் கடிகாரத்தோடு ஒப்பிடுங்கள்.

சோயாத் தீவனம்

அதிலுள்ள ஜெனிஸ்டீன் ஈஸ்ட்ரோஜன் ஏற்பியில் போய் ஒட்டும். சூலகம் நீக்கிய எலிக்கு அதைப் போட்டுவிட்டு ‘ஈஸ்ட்ரோஜன் தாக்கம் இல்லை’ என்று எழுதாதீர்கள்.

கீழமாசி வீதி நல்லெண்ணெயில் ஈஸ்ட்ராடயால் கரைப்பது

கூடவே கூடாது. ஆய்வகத் தர எள்ளெண்ணெய் தனியாகக் கிடைக்கிறது.

எம்ஆர்என்ஏ (பெப்டைடு செய்வதற்கான மரபணு நகல்) கூடினால் பெப்டைடும் கூடியதென்று எழுதுவது

இரண்டையும் அளந்துவிட்டு எழுதுங்கள்.