மொத டெலஸ்கோப் வாங்கப் போறீங்களா, டப்பாவ நம்பாதீங்க

காரைக்குடியில எங்க வீட்டு மொட்டமாடிக்கு சித்தப்பா மகன் ஒரு டெலஸ்கோப் தூக்கிட்டு வந்தான், டப்பா மேல 525 மடங்குன்னு பெருசா போட்டிருக்கு, லென்ஸ் பாத்தா 60 மில்லிமீட்டர்தான். லென்ஸோ கண்ணாடியோ அதோட விட்டத்துக்கு மில்லிமீட்டருக்கு 2 மடங்குதான் கணக்கு, அதாவது 120, அதுக்கு மேல போனா எல்லாம் கஞ்சித்தண்ணி மாதிரி மங்கல்.

காசு தோதுப்பட்டா 6 இன்ச் விட்டக் கண்ணாடி இருக்குற டாப்சோனியன் (பெட்டி மாதிரி ஸ்டாண்டுல தரையில உக்காருற டெலஸ்கோப்) வாங்குங்க, ஸ்டாண்டு ஆடாது. ஃபோகல் லெங்த் (கண்ணாடியிலேருந்து வெளிச்சம் குவியுற தூரம்) பெரும்பாலும் 1200 மில்லிமீட்டர் வரும், அத ஐபீஸ் (கண்ண வச்சுப் பாக்குற சின்ன லென்ஸ்) மேல போட்டிருக்குற மில்லிமீட்டர் நம்பரால வகுத்தா மடங்கு கெடச்சிரும், 25க்கு 48, 10க்கு 120. மொதல்ல 25ல தேடிப்பிடிச்சுட்டு அப்பறம் 10ஐ மாட்டுங்க. சனி வளையத்தப் பாத்துட்டு எங்க ஆச்சி "உள்ள படம் ஒட்டி வச்சிருக்கியாப்பா"ன்னு கேட்டாக!

ஃபில்டர்ல நிலாவுக்கு ஒண்ணு போதும் (கண்ணு கூசாம இருக்க), கலர் செட்டெல்லாம் இப்பத்திக்கு தண்டச்செலவு. ஆனா ஐபீஸ்ல திருகுற சூரிய ஃபில்டர் கூட வந்துச்சுன்னா ஒடனே குப்பையில போடுங்க, சூட்டுல வெடிச்சா கண்ணு போயிரும். சூரியனுக்கு குழாயோட முன்வாய முழுசா மூடுற ஃபில்டர் மட்டுந்தான்.

அப்பறம் நம்மூரு வெயில்ல காஞ்ச மாடியும் ஓடும் ராத்திரியிலயும் அனல் கக்கும், படம் அலையடிக்கும், அதனால லேட்டா பாருங்க. டெலஸ்கோப்போட சூடும் ஆறணும், அரைமணி நேரம் முன்னாடியே வெளிய வச்சிருங்க.