பல்கலைக்கழக உபரிப் பொருள்களைக் கழிவு செய்தல்: பண்டகப் பொறுப்பாளருக்கு ஒரு வழிகாட்டி

கோயம்புத்தூரிலிருந்து சேலம் வரை எந்தப் பல்கலைக்கழக வளாகத்துக்குப் போனாலும், சைக்கிள் நிறுத்தத்துக்குப் பின்னாலோ பழைய விடுதியின் மாடிப்படிக்கு அடியிலோ, கதவு கழன்ற இரும்பு பீரோக்களும் கால் ஒடிந்த நாற்காலிகளும் கணினித் திரைகளும் குவிந்து கிடக்கும் ஓர் இடத்தைக் காணலாம். அலுவலகப் பேச்சில் அவையெல்லாம் ‘கண்டம் ஆன சாமான்’, அதாவது இனி உதவாது என்று கழித்தவை. பதிவேட்டைத் திறந்து பார்த்தாலோ, அவற்றில் பெரும்பாலானவை இன்னும் நடப்பு இருப்பாகவே எழுதப்பட்டிருக்கும். கண்டம் செய்ததாக ஓர் ஆணையும் இருக்காது. பண்டகப் பிரிவில் நெடுநாள் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஏலம் ஒரு முற்பகலில் முடிந்துவிடும், அதற்கு முந்தைய எழுத்து வேலைக்கு ஆறு மாதம் பிடிக்கும். புதிதாகப் பண்டகப் பொறுப்பு ஏற்றிருக்கும் ஆசிரியர்களுக்கும் உதவியாளர்களுக்கும் இந்தக் குறிப்பு.

முதலில் எந்த விதிகள் தமக்குப் பொருந்தும் என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017, மத்திய நிறுவனங்களைக் கட்டுப்படுத்துபவை. கோவையில் உள்ள பாரதியார் பல்கலைக்கழகம், வேளாண்மைப் பல்கலைக்கழகம், சேலம் பெரியார் பல்கலைக்கழகம் போன்ற மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கு அவற்றின் சட்டமும் சாசன விதிகளும், மாநில நிதி விதிகளும், ஆட்சிக்குழு அல்லது மேலாண்மைக் குழு அளித்த அதிகார ஒப்படைப்பும்தான் அடிப்படை. எவ்வளவு மதிப்பு வரை துறைத் தலைவர் முடிவு செய்யலாம், எதற்குப் பதிவாளர், எதற்கு ஆட்சிக்குழு என்ற வரம்புகளை எழுதி மேசையில் ஒட்டி வைத்துக்கொள்வது நல்லது. விதி தெளிவாக இல்லாத இடத்தில் மத்திய விதிகளின் நடைமுறையைப் பின்பற்றினால் தணிக்கையில் பதில் சொல்வது எளிது. இந்தக் குறிப்பும் பெரும்பாலும் அதையே தழுவியது.

ஆண்டுக்கு ஒரு முறையேனும் நிலைப்பொருள்களை நேரில் சரிபார்க்க வேண்டும். நம் பக்கத்தில் அதற்கு ஏற்ற காலம் ஆயுத பூஜையை ஒட்டிய வாரம். ஆய்வகங்களையும் பட்டறைகளையும் அப்போதுதான் மூலைமுடுக்கு விடாமல் துடைத்துச் சந்தனம் வைப்பார்கள். ஆண்டு முழுவதும் கண்ணில் படாத கருவிகள் பீரோவுக்குப் பின்னாலிருந்து வெளியே வரும். அந்த நேரத்தில் பதிவேட்டுடன் போனால் ஒரே சுற்றில் வேலை முடியும். காணும் பொருள்களை மூன்றாகப் பிரிக்க வேண்டும். நன்றாக ஓடுகிறது, ஆனால் இந்தத் துறைக்குத் தேவையில்லை என்பது உபரி. ஓடும், ஆனால் பாடத்திட்டமோ தொழில்நுட்பமோ மாறிவிட்டது என்பது காலம் கடந்தது. பழுது பார்க்கும் செலவு பொருளின் மதிப்பை மிஞ்சும் என்பது பயனற்றது. மூன்றையும் ஒரே பட்டியலில் ‘பழுது’ என்று எழுதும் வழக்கம்தான் பல நல்ல பொருள்கள் காயலான் கடைக்குப் போகக் காரணம். ஏன் உபரி என்ற காரணத்தை ஒவ்வொரு பொருளுக்கும் எழுத வேண்டும். கவனக்குறைவால் கெட்டதென்றால், பொறுப்பு யாருடையது என்பதையும் தீர்மானித்த பிறகே கழிவு செய்யலாம்.

அடுத்து, பொருள் உண்மையில் யாருடையது என்று பார்க்க வேண்டும். ஆராய்ச்சித் திட்ட நிதியில் வாங்கிய கருவியை, நிதி அளித்த அமைப்பின் முன் அனுமதி இல்லாமல் விற்கவோ கொடுக்கவோ கூடாது; திட்ட ஒப்பளிப்புக் கடிதத்தைத் தேடி எடுத்துப் படிக்க வேண்டும். சுங்கவரிச் சலுகையில் இறக்குமதி செய்ததென்றால் அதற்கும் தனி நிபந்தனைகள் இருக்கும். பேராசிரியர் ஓய்வு பெற்றுப் போனபின் இந்தக் கடிதங்களைத் தேடுவது பெரும்பாடு. ஆகவே அவர் ‘பாக்கி இல்லை’ச் சான்று கேட்டு வரும்போதே பெற்றுவிடுவது புத்திசாலித்தனம்.

பட்டியல் தயாரானதும் வெளியே விற்பதற்கு முன் வளாகத்துக்குள் சுற்றுக்கு விட வேண்டும். பதினைந்து நாள் கெடு வைத்து எல்லாத் துறைகளுக்கும் உறுப்புக் கல்லூரிகளுக்கும் படத்துடன் அனுப்பினால் போதும். இயற்பியல் துறை வேண்டாம் என்று ஒதுக்கிய மின்னோட்ட வழங்கியை மின்னணுவியல் துறை அந்த ஆண்டே புதிதாக வாங்கியதை நான் பார்த்திருக்கிறேன்; இரண்டு துறைகளுக்கும் இடையே ஒரு வராந்தாதான். மாற்றித் தரும்போது இரு பதிவேடுகளிலும் ஒரே நாளில் வரவும் பற்றும் எழுத வேண்டும்.

யாரும் கேட்காதவற்றுக்கு, கழிவு செய்வதைப் பரிந்துரைக்கும் கழிவுக் குழு விலை வைக்க வேண்டும். புத்தக மதிப்பு வேறு, குறைந்தபட்ச ஏலத் தொகை வேறு. தேய்மானம் கழித்துக் கழித்துப் புத்தகத்தில் ஒரு ரூபாயாக நிற்கும் பொருள் சந்தையில் நல்ல விலைக்குப் போகலாம். கொங்கு நாட்டில் இதற்குச் சரியான எடுத்துக்காட்டு பட்டறையிலுள்ள பழைய லேத், அதாவது கடைசல் இயந்திரம். கணபதியிலும் சிங்காநல்லூரிலும் தெருவுக்குத் தெரு சிறு பட்டறைகள் இருக்கும் ஊரில், ஓடும் நிலையிலுள்ள லேத்தைக் கிலோக் கணக்கில் பீடு இரும்பாக விற்பது அறியாமை. அதைத் தனி இனமாகப் பிரித்து, மின் இணைப்புக் கொடுத்து, பார்வையிட வருபவர் முன்னால் ஓட்டிக் காட்ட வேண்டும். லேத்தின் அடித்தளமான படுக்கை எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதை அவர்கள் விரலால் தடவியே கண்டுபிடித்துவிடுவார்கள். குறையை மறைக்காமல் அறிவிப்பிலேயே எழுதுவது மேல். இதேபோல் பழைய தேக்கு, ஈட்டி மேசைகளை விறகோடு விறகாகக் கலக்கக் கூடாது. பித்தளைத் தராசு, பழைய நுண்ணோக்கி போன்றவற்றை விற்பதற்கு முன் துறையிலேயே ஒரு கண்ணாடி அலமாரியில் வைக்க இடமுண்டா என்று கேட்டுப் பாருங்கள். 1902-இல் தொடங்கிய கோவை காஸ் வன அருங்காட்சியகத்தை ஒரு முறை சுற்றி வந்தவர், பழையதையெல்லாம் எடைக்குப் போட மாட்டார்.

விற்பனை முறையைப் பொறுத்தவரை, மதிப்பிட்ட எஞ்சிய மதிப்பு 2 லட்சம் ரூபாயைத் தாண்டினால் விளம்பரம் செய்த ஒப்பந்தப்புள்ளியோ பொது ஏலமோ நடத்த வேண்டும் என்கின்றன மத்திய விதிகள்; அதற்குக் கீழே உரிய அலுவலர் முறையைத் தீர்மானிக்கலாம். மின்னணு ஏலத்துக்கு எம்.எஸ்.டி.சி. என்ற மத்திய அரசு நிறுவனமும், அரசுக் கொள்முதலுக்கான ஜெம் இணையதளத்தின் ஏல வசதியும் உண்டு. மூடிய உறை முறை நம் மக்களுக்குப் புதிதல்ல. ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களில் பருத்திக்கும் தேங்காய்ப் பருப்புக்கும் நடக்கும் மறைமுக ஏலம் இதுவே. நேரடி ஏலத்தில் வியாபாரிகள் வாசலிலேயே பேசிவைத்துக்கொண்டு வருவது தெரிந்த கதை. உறை முறையோ மின்னணு முறையோ அதை ஓரளவு தடுக்கும். ஒப்பந்தப்புள்ளியில் பிணைத் தொகை சாதாரணமாக மதிப்பிட்ட விலையில் 10 விழுக்காடு; நேரடி ஏலத்தில் எடுத்தவரிடம் அந்த இடத்திலேயே ஏலத் தொகையில் குறைந்தது 25 விழுக்காட்டை வாங்கிவிட வேண்டும். முழுத் தொகையும் செலுத்தாமல் ஓர் ஆணியும் வெளியே போகக் கூடாது. ஜி.எஸ்.டி. உள்ளிட்ட வரிகளை நிதி அலுவலரிடம் கேட்டு அறிவிப்பிலேயே குறிப்பிட வேண்டும்.

சிலவற்றை ஏலக் குவியலில் சேர்க்கவே கூடாது. கணினி, அச்சுப்பொறி போன்றவை 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள மின்னணுக் கழிவு விதிகளின் கீழ் வருபவை; ஒரு நிதியாண்டில் ஆயிரம் கருவிகளுக்குக் குறையாமல் பயன்படுத்தும் நிறுவனம் ‘மொத்த நுகர்வோர்’ ஆகும். அது தன் கழிவைப் பதிவு பெற்ற உற்பத்தியாளர், புதுப்பிப்பாளர், மறுசுழற்சியாளர் ஆகியோரிடம் மட்டுமே ஒப்படைக்கலாம். கணினி போகும் முன் வன்தட்டைக் கழற்றியோ முற்றிலும் அழித்தோ, அதற்கு ஒரு சான்றும் எழுத வேண்டும். மாணவர் மதிப்பெண்களும் ஊழியர் வங்கி விவரங்களும் அதில்தான் இருக்கும். யு.பி.எஸ். மின்கலங்களுக்குத் தனி விதிகள் உண்டு. அரசு மற்றும் தன்னாட்சி அமைப்புகளின் 15 ஆண்டு கடந்த வாகனங்களின் பதிவை 2023 ஏப்ரல் முதல் புதுப்பிக்க முடியாது; பதிவு பெற்ற வாகன உடைப்பு நிலையத்துக்கே அவை போக வேண்டும்.

எல்லாவற்றையும்விட அஞ்ச வேண்டியது, என்னவென்று தெரியாத ஆய்வகக் கருவி. தில்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறையில் 1985 முதல் பயன்படுத்தாமல் கிடந்த காமாக் கதிர்வீச்சுக் கருவி ஒன்று 2010-இல் மற்றப் பொருள்களோடு ஏலத்தில் போனது. அதனுள் இருந்தது கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருள். மாயாபுரி பழைய இரும்புச் சந்தையில் அதைப் பிரித்தபோது கதிர்வீச்சுக்கு ஆளானவர்களில் ஒருவர் இறந்தார். ஆகவே கதிர்வீச்சு மூலப்பொருள், பாதரசம், பழைய இரசாயனம் எதுவும் இல்லை என்று துறைத் தலைவர் கையொப்பமிட்ட சான்று இல்லாத ஆய்வகப் பொருளைப் பண்டகப் பிரிவு வாங்கவே கூடாது. கதிர்வீச்சு மூலப்பொருள் இருந்தால் அது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதியோடு மட்டுமே நகர வேண்டும்.

எடைக்கு விற்கும் நாளில் கண் முழுவதும் எடை மேடையில் இருக்க வேண்டும். வெற்று லாரியை எடை போடும்போது உள்ளே நான்கு ஆள் உட்கார்ந்து, கூடுதல் டயரும் தண்ணீர்ப் பீப்பாயும் ஏற்றிக்கொண்டு, சரக்கு ஏற்றியபின் எல்லாம் இறங்கிவிடுவது பழைய வித்தை. வெற்று எடை கூடினால் சரக்கின் எடை குறையும், அவ்வளவே கணக்கு. இரு எடையின்போதும் ஓட்டுநர் மட்டும் இருக்க, பல்கலைக்கழகப் பிரதிநிதி முன்னால் சீட்டு எடுத்து, வாசலில் கேட் பாஸுடன் ஒப்பிட வேண்டும். ஏலம் முடிந்து சரக்கு எடுக்கும் வரையுள்ள இரவுகளில் மோட்டார்களின் செம்புச் சுற்று காணாமல் போவது உண்டு. பூட்டி முத்திரை வைக்காவிட்டால் ஏலம் எடுத்தவர் நியாயமாகவே தொகையைக் குறைக்கக் கேட்பார்.

நன்கொடை என்றால் நடைமுறை தளரும் என்று எண்ண வேண்டாம்; விற்பனைக்கு வேண்டிய அதே குழுப் பரிந்துரையும் ஆணையும் இதற்கும் வேண்டும். பெறும் பள்ளியோ ஊர் நூலகமோ கடிதம் தர வேண்டும், பெற்றபின் தங்கள் இருப்புப் பதிவேட்டில் ஏற்றிய பக்கத்தின் நகலையும் அனுப்ப வேண்டும். முன்பு ஒரு ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிக்கு நாற்பது இருக்கை மேசைகளை அனுப்பினோம். தலைமையாசிரியை நன்றி சொல்லிவிட்டு, தயங்கி, “பிள்ளைகளுக்குக் கால் தரையில எட்ட மாட்டேங்குதுங்க, சார்” என்றார். ஒரு தச்சரை அனுப்பிக் கால்களைக் குறைத்துக் கொடுத்தோம். அதன்பிறகு உயர்நிலைப் பள்ளிகளுக்கு மட்டுமே மேசை தருவது என்று வைத்துக்கொண்டோம். மும்முனை மின்சாரம் இல்லாத இடத்துக்கு இயந்திரம் தருவதும், இயங்காத கணினியைத் தானம் என்ற பெயரில் தள்ளிவிடுவதும் உதவியாகா. பின்னது மின்னணுக் கழிவைக் கைமாற்றுவதே.

ஏலத்தையும் சரக்கு எடுப்பதையும் மழைக்காலத்துக்கு அப்பால் வைத்துக்கொள்வது நல்லது. ஐப்பசி, கார்த்திகையில் லாரி சேற்றில் சிக்கும். நனைந்த மரத்துக்கு விலையும் இறங்கும். தை, மாசியில் ஏலம் வைத்தால் மார்ச் 31-க்குள் தொகை கணக்கில் ஏறிவிடும். விற்பனைக் கணக்கு, வரவுச் சீட்டு எண், ஆணை எண் மூன்றையும் பதிவேட்டில் அந்தந்தப் பொருளுக்கு நேரே சிவப்பு மையால் எழுதி, பொறுப்பு அலுவலர் சுருக்கொப்பம் இட்ட பிறகே அந்தப் பொருள் போனதாகும்.

கடைசி லாரி போன அன்றே அந்த இடத்தைக் கூட்டிப் பூட்டி, சாவியைப் பண்டகப் பிரிவிலேயே வைத்துக்கொள்ளுங்கள். திறந்து விட்டால் ஒரு வாரத்துக்குள் ஏதேனும் ஒரு துறை தன் உடைந்த மேசையை அங்கே கொண்டுவந்து போட்டிருக்கும்.