‘புரிந்ததா?’ என்று கேட்காதீர்கள்: பிசியோதெரபியில் பேச்சு பிசகும் இடங்கள்

முழங்கால் வலியோடு வந்த பெரியவர் ஒருவருக்கு, மல்லாந்து படுத்துக் காலை நீட்டியபடியே உயர்த்தும் பயிற்சியைச் சொல்லிக்கொடுத்தேன். "பத்துப் பத்தாக மூன்று செட். புரிந்ததா?" என்றேன். "புரிந்தது" என்றார். அடுத்த வாரம் வலி கூடித் திரும்பி வந்தார். செய்துகாட்டச் சொன்னேன். மூச்சை அடக்கி, இடுப்பை வில்லாக வளைத்து, காலை விசுக்கென்று தூக்கிப் போட்டார். செட்டுக்கு நடுவே ஓய்வு உண்டு என்பதே அவருக்குத் தெரியாது. முப்பதையும் மூச்சுவிடாமல் முடித்திருக்கிறார்.

பிழை என்னுடையது. "புரிந்ததா?" என்றால், புரியாதவரும் மரியாதைக்காகத் தலையாட்டிவிடுவார். "நான் சரியாகச் சொன்னேனா என்று பார்க்க வேண்டும், வீட்டில் எப்படிச் செய்வீர்கள், ஒருமுறை காட்டுங்கள்" என்று கேட்டிருந்தால் ஒரு வாரம் வீணாகியிருக்காது. அப்படிக் கேட்கும்போது பரீட்சை பிசியோதெரபிஸ்டுகளான நமக்கு, அவருக்குக் கூச்சமில்லை.

பயிற்சிகளை அள்ளிக் கொடுப்பதும் இதன் உடன்பிறப்புதான். 65 வயது கடந்தவர்களிடம் நடந்து 1999இல் வெளியான ஓர் ஆய்வில், எட்டுப் பயிற்சிகள் பெற்றவர்களைவிட இரண்டே பெற்றவர்கள் அவற்றைச் சரியாகச் செய்தார்கள்.

நம் வாயிலிருந்து வரும் சொற்கள் விஷயத்தில்தான் நாம் மிகவும் அசட்டையாக இருக்கிறோம். "எலும்பு தேய்ந்துவிட்டது" என்று போகிறபோக்கில் சொல்கிறோம். கேட்பவர் மனத்தில் தேய்ந்த செருப்புதான் வரும். நடக்க நடக்க இன்னும் தேயும் என்று பயந்து நடையையே குறைத்துவிடுவார். அவருக்குத் தேவைப்படுவதோ நடை. முதுகுவலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்த 2015ஆம் ஆண்டு ஆய்வொன்றில், இருபது வயதினரிலேயே 37 சதவீதம் பேருக்கு வட்டுத் தேய்மானம் (முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் டிஸ்க் தேய்வது) தெரிந்தது. எண்பது வயதினரில் 96 சதவீதம். இதையும் சேர்த்துச் சொன்னால்தான் ரிப்போர்ட்டை வாசித்ததாகும். "ஜவ்வு" இன்னொரு தொல்லை. தசைநாண், முழங்கால் குருத்தெலும்பு, முதுகு வட்டு எல்லாவற்றையுமே ஜவ்வு என்றுதான் சொல்கிறோம். "ஜவ்வு விலகியிருக்கிறது" என்று கேட்டவர், உள்ளே ஏதோ கழன்று கிடப்பதாக நினைத்துக் குனியவே அஞ்சுவார். எலும்பு மாதிரியையோ படத்தையோ எடுத்து, இடத்தைத் தொட்டுக் காட்டுங்கள்.

அடுத்தது, குறுக்கே பேசுவது. நோயாளி பேசத் தொடங்கிச் சராசரியாக 18 விநாடிகளில் மருத்துவர் இடைமறித்தார் என்று 1984இல் வெளியான ஓர் ஆய்வு கண்டது. அவர்கள் மருத்துவர்கள், நாம் அப்படியில்லை என்று சொல்லிக்கொள்ள எனக்குத் துணிவில்லை. "வலி பத்துக்கு எத்தனை?" என்று அவசரப்பட்டால் ஓர் எண் கிடைக்கும், அவ்வளவுதான். அவரைப் பேசவிட்டால் குத்துகிறது, இழுக்கிறது, கடுக்கிறது, சுளீரென்று கால்வரை ஓடுகிறது, எரிகிறது, மரத்துப்போகிறது என்று வகைவகையாக வரும். கால்வரை ஓடும் சுளீருக்கும் எரிச்சலுக்கும் மரத்துப்போவதற்கும் நரம்பைச் சோதித்துப் பார்க்க வேண்டும். அந்தத் தடயம் எண்ணில் கிடைக்காது.

கூச்சத்தால் விட்டுவிடும் கேள்விகளும் உண்டு. முதுகுவலிக்காரரிடம் சிறுநீர், மலம் கட்டுப்பாட்டில் இருக்கிறதா, தொடையிடுக்கில் மரத்திருக்கிறதா என்று கேட்டே ஆகவேண்டும். கட்டுப்பாடு போயிருந்தாலோ மரத்திருந்தாலோ அன்றே அவசர சிகிச்சைக்கு அனுப்ப வேண்டிய நிலையாக இருக்கலாம். "முதுகுவலியோடு வரும் எல்லாரிடமும் கேட்பதுதான்" என்று தொடங்கினால் இருவருக்கும் சங்கடமில்லை.

பக்கவாதத்தால் பேச்சு போனவரை வைத்துக்கொண்டு, அவர் தலைக்கு மேலாக மகளிடம் "இவருக்குச் சொன்னால் புரியுமா?" என்று கேட்பதை அடிக்கடி பார்க்கிறேன். பேச முடியாத பலருக்கு நாம் சொல்வது நன்றாகவே விளங்கும். நாற்காலியை அவர் கண்மட்டத்துக்கு இழுத்துப் போட்டு உட்காருங்கள். தலையசைத்தால் போதும் என்கிற மாதிரி, ஒரு நேரத்தில் ஒரு கேள்வி. பிறகு சற்றுக் காத்திருங்கள். பதில் வர நேரமாகும்.