கூரை மடங்கும் காரில் டாஷ்கேம்: பின் கேமராவை எங்கே வைப்பது?

லைசென்ஸ், இன்ஷூரன்ஸ் எல்லாம் முடிந்து, ஆசைப்பட்ட கன்வெர்டிபிளை செகண்ட் ஹேண்டில் வாங்கியதும் பலர் செய்யும் அடுத்த வேலை, முன்னும் பின்னும் பதிவு செய்யும் டாஷ்கேமை ஆர்டர் போட்டு, பக்கத்தில் இருக்கும் கடையில் மாட்டச் சொல்வது. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. சாதாரண காரில் வயரைக் கூரையின் உள்துணிக்குள் செருகிப் பின்கண்ணாடி வரை எளிதாகக் கொண்டுபோய்விடலாம். மாட்டுபவரின் கை அதற்குத்தான் பழகியிருக்கும். கன்வெர்டிபிளில் அந்த வழியே கிடையாது. பின்கண்ணாடி கூரையோடு சேர்ந்து மடங்கி உள்ளே போகும்.

பின்கண்ணாடியில் எதையும் ஒட்டவே ஒட்டாதீர்கள். கூரை மடங்கி இறங்கும்போது கண்ணாடிக்கும் அதன் கீழே வரும் சட்டத்துக்கும் நடுவில் மிகக் குறுகிய இடைவெளிதான் இருக்கும். மூன்று சென்டிமீட்டர் துருத்தி நிற்கும் கேமராகூட அங்கே ஆப்பு மாதிரி இறுகிவிடும். துணிக் கூரையில் கண்ணாடியைப் பிடித்திருப்பது பெரும்பாலும் ஒரு பசை வளையம் மட்டுமே. அந்த அழுத்தத்தில் ஓரம் பிரியத் தொடங்கினால் திரும்ப ஒட்டி நிற்க வைப்பது கடினம். பல நேரம் கூரைத் துணியையே மாற்ற வேண்டியிருக்கும். கேமராவின் விலையைப் போல் பல மடங்கு செலவு. பழைய மாடல்களில் இருக்கும் பிளாஸ்டிக் ஜன்னல் இன்னும் மோசம். டேப்பை உரித்தால் மங்கல் தழும்பு விழும், குளிரில் மடித்தால் டேப்பின் ஓரத்திலேயே கீறும். வயரும் தப்பாது. ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் மடிந்து மடிந்து உள்ளே செம்பு அறுந்துவிடும். வெளியே உறை முழுதாக இருப்பதால், பின் கேமரா ஏன் விட்டு விட்டு வேலை செய்கிறது என்று யாருக்கும் பிடிபடாது.

அப்படியானால் எங்கே வைப்பது? இருக்கைகளுக்குப் பின்னால் இருக்கும் ரோல் பார் (கார் கவிழ்ந்தால் தலையைக் காக்கும் கம்பி) அல்லது காற்றுத் தடுப்பின் சட்டம் நல்ல இடம். கூரை திறந்திருக்கும்போது பின்னால் எல்லாம் தெளிவாகத் தெரியும். மூடியிருக்கும்போது கண்ணாடியிலிருந்து தள்ளி இருப்பதால் இரவில் பிரதிபலிப்பு விழும், அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் கவிழும்போது மட்டும் மேலெழும் வகை ரோல் பாரில் எதையும் கட்டக்கூடாது. இரண்டாவது வழி, நம்பர் பிளேட்டுக்கு மேலே தூசியும் தண்ணீரும் புகாத ஐபி67 தரமுள்ள வெளிக் கேமரா. வயரை நம்பர் பிளேட் விளக்கின் ரப்பர் வளையம் வழியாக டிக்கிக்குள் எடுக்கலாம். சேறு படியும், அடிக்கடி துடைக்க வேண்டும். ஆனால் கூரையோடு எந்தத் தகராறும் இல்லை. இரண்டில் இதுவே பாதுகாப்பானது. டிக்கிக்குள் கூரை வந்து படுக்கும் அறைக்குள் மட்டும் வயர் குறுக்கே போகக்கூடாது.

பின்னால் போகும் வயரை கதவின் கீழ் வாசல் பட்டைக்கு அடியில், கார்பெட் ஓரமாக எடுத்துச் செல்லுங்கள். மஞ்சள் நிற வயரோ கனெக்டரோ கண்ணில் பட்டால் அது ஏர்பேக்குடையது, தொடாதீர்கள். இருக்கைகளுக்குப் பின்னால் இரண்டு மூலையிலும் கூரையிலிருந்து மழைநீர் இறங்கும் வடிகால் துளை இருக்கும். வயர் அதை அடைத்தால் தண்ணீர் காருக்குள் நிற்கும், கார்பெட்டின் அடியில் மாதக்கணக்கில் ஊறும்.

முன்பக்கத்திலும் இதே கவனம் வேண்டும். முன்தூணின் வெளி ரப்பருக்குள் வயரைச் செருகுவது சாதாரண காரில் நடக்கும். கன்வெர்டிபிளில் அந்த ரப்பர்தான் சட்டமில்லாத கதவுக் கண்ணாடியோடு ஒட்டி நீரைத் தடுக்கிறது. மூன்று மில்லிமீட்டர் வயர் அதைத் தூக்கினாலே காற்று விசிலடிக்கும், மழை உள்ளே சொட்டும். தூணின் உள்மூடியைக் கழற்றி அதன் பின்னால் வயரை விடுங்கள். அதில் ஏர்பேக் என்று பொறித்திருந்தால் தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள். ஒட்டுவதற்கு முன் கேமரா அளவில் ஓர் அட்டைத் துண்டைப் பேப்பர் டேப்பால் கண்ணாடியில் பொருத்தி, கூரையை ஒருமுறை முழுதாகத் திறந்து மூடிப் பாருங்கள். கையால் மூடும் கூரைகளில் நடுப்பிடி சுழன்று கீழே வரும்போது கேமராவில் இடிப்பது இப்போதே தெரிந்துவிடும். பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் கண்ணாடியைத் துடைத்து, கறுப்புப் புள்ளிகள் உள்ள ஓரத்தைத் தவிர்த்து மவுண்டை ஒட்டி, ஒரு நாள் விட்டுவிட்டுக் கேமராவை மாட்டுங்கள்.

பார்க்கிங் மோட், அதாவது கார் நிற்கும்போதும் பதிவு செய்யும் முறை பற்றி விற்பவர் சொல்லாத கணக்கு ஒன்று. இரட்டைக் கேமரா நின்ற இடத்தில் 0.3 ஆம்பியர் இழுத்தால் ஒரு நாளுக்கு 7 ஆம்பியர்-மணி போகும். சிறிய கன்வெர்டிபிளின் பேட்டரி மூன்று நாளில் பாதிக்கு இறங்கிவிடும். கூரையைத் தூக்கும் மோட்டார் நிறைய மின்சாரம் கேட்கும். வோல்டேஜ் விழுந்திருந்தால் பாதியில் நின்றுவிடும், அதுவும் மழை வரும்போது. கேமராவை ஃபியூஸ் பெட்டியோடு இணைத்து, பேட்டரி இறங்கினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஹார்ட்வயர் கிட்டில் துண்டிப்பு அளவை 12.0-இல் விடாமல் 12.4 வோல்ட்டில் வையுங்கள். ஃபியூஸிலிருந்து மின்சாரம் எடுக்கும் இணைப்பை (ஃபியூஸ் டேப்) ஏர்பேக், ஏபிஎஸ், கூரை ஆகியவற்றின் ஃபியூஸில் போடக்கூடாது.

கேமரா வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது உள்ளே லித்தியம் பேட்டரியா, சூப்பர் கெப்பாசிட்டரா என்பதை. திறந்த கூரையில் வெயில் மேலிருந்தும் முன்னிருந்தும் அடிக்கும், லித்தியம் உப்பிவிடும். கெப்பாசிட்டர் வகைதான் தாங்கும். டாஷ்போர்டின் பிரதிபலிப்பு கண்ணாடியில் விழுவதைக் குறைக்கப் போலரைசிங் ஃபில்டர் உதவும். அதிர்வை உணர்ந்து கோப்பைப் பூட்டும் ஜி-சென்சாரைக் குறைந்த உணர்திறனில் வையுங்கள். இல்லையென்றால் இறுகிய சஸ்பென்ஷனில் ஒவ்வொரு குழியும் விபத்தாகப் பதிவாகி, பூட்டிய கோப்புகளால் கார்டு நிறைந்துவிடும். கார்டு, திரும்பத் திரும்ப எழுதினாலும் தாங்கும் ஹை எண்டூரன்ஸ் வகையாக இருக்கட்டும். நொடிக்கு 15 மெகாபிட் வேகத்தில் பதிவானால் ஒரு கேமராவுக்கு மணிக்கு ஏறத்தாழ 6.75 ஜிபி ஆகும், அதை வைத்து அளவைத் தீர்மானியுங்கள்.

கூரை திறந்து நிறுத்தினால் கை நீட்டும் தூரத்தில் கேமரா இருக்கிறது. மவுண்டிலிருந்து ஒரே இழுப்பில் கழன்று வரும் மாடலை வாங்கி, இறங்கும்போது பூட்டும் கிளவ் பாக்ஸில் வைத்துவிடுங்கள். சக்‌ஷன் கப் வேண்டாம். வெயிலில் விழும், கண்ணாடியில் விட்டுப்போகும் வட்டத் தடமும் திருடனுக்குத் தகவல் சொல்லும். வைஃபையின் தொழிற்சாலைக் கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றுங்கள்.

சட்டம் நாட்டுக்கு நாடு வேறு. ஆஸ்திரியாவிலும் போர்ச்சுகலிலும் தனியார் பதிவே சிக்கல். ஜெர்மனியில் 2018 மே மாதத்துத் தீர்ப்பு பதிவை விபத்து வழக்கில் சாட்சியாக ஏற்றது. ஆனால் இடைவிடாமல் பதிவு செய்து சேர்ப்பது தகவல் பாதுகாப்புக்கு எதிரானது என்றும் சொன்னது. பிரிட்டனில் வைப்பர் துடைக்கும் பகுதிக்குள் கேமரா 40 மில்லிமீட்டருக்கு மேல் நுழையக்கூடாது, ஓட்டுநருக்கு நேர் எதிரே 10 மட்டுமே. கலிஃபோர்னியாவில் கேமராவுக்கு அனுமதிக்கும் இடம்: முன்கண்ணாடியின் மேல் நடுவில் 5 அங்குலச் சதுரம், கீழ் மூலைகளில் ஓட்டுநர் பக்கம் 5, மறுபக்கம் 7. மைக்கை அணைத்துவிடுங்கள். பேச்சைப் பதிவு செய்யப் பல இடங்களில் எல்லோருடைய சம்மதமும் வேண்டும், திறந்த காரில் காற்றைத் தவிர வேறெதுவும் கேட்கவும் கேட்காது. அடுத்தவர் நம்பர் தெரியும் வீடியோவை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள்.

நம் ஊரில் கடிகாரத்தைக் கோடைக்கும் குளிருக்கும் மாற்றுவதில்லை, வெளிநாடுகள் பலவற்றில் மாற்றுவார்கள். ஜிபிஎஸ் உள்ள கேமராவும் பெரும்பாலும் அந்த ஒரு மணி நேரத்தைத் தானாக மாற்றாது. வருடத்துக்கு இரண்டு முறை மெனுவில் போய் மாற்றிவிட்டு, அதே கையோடு கார்டை ஃபார்மட் செய்து, பின் கேமராவின் ஒரு நிமிடப் பதிவைப் போட்டுப் பாருங்கள்.